ஆறு வருஷமா அக்கா முகத்துல பூசுற க்ரீம்: நிறுத்தினா எரியுது, என்ன செய்யலாம்?

தென்காசிச்சாரல் · ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்காக எழுதுறேன். வயசு 38. ரெண்டாவது பிள்ளை பிறந்தப்புறம் ரெண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துச்சு. பக்கத்து வீட்டுல ஒருத்தங்க ஒரு ட்யூப் பேரைச் சொன்னாங்க. மெடிக்கல்ல கேட்டதும் எடுத்துக் கொடுத்துட்டாங்க, சீட்டு எதுவும் கேக்கல. பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. அது ஆறு வருஷத்துக்கு முந்தி. அன்னையிலிருந்து தினமும் ராத்திரி படுக்கப் போறப்ப பூசுறா.

இப்ப ரெண்டு நாள் பூசலைன்னா முகம் செக்கச்செவேல்னு ஆகி மிளகாய் தேச்ச மாதிரி எரியுதுங்கா. அடுப்பு முன்னால நிக்க முடியல, வெயில்ல பஸ் ஸ்டாப் வரைக்கும் போக முடியல. மறுபடி பூசினா அடங்கிடுது. கன்னத்துல சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரியுது. தாடையில பூனைமுடி அடர்ந்து வருது. நான் கேட்டா, "எனக்கு உடம்புச் சூடு, இந்த க்ரீம் இல்லன்னா நான் என்ன ஆவேன்"ங்கா.

ட்யூப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம்னு போட்டிருக்கு. மாசம் 20 கிராம் ட்யூப் ஒண்ணு. ஆறு வருஷத்துக்கு 72 ட்யூப், 1,440 கிராம். கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ மருந்து ஒரு முகத்துல போயிருக்கு. இந்தக் கணக்கைப் போட்டப்புறம் எனக்குத் தூக்கம் வரல.

இதை நிறுத்தலாமா? எப்படி நிறுத்தணும்?

நெல்லை_வாசு · ஞாயிறு, இரவு 10.15

ட்யூப்பை இன்னைக்கே குப்பையில போடச் சொல்லுங்க. கத்தாழைச் சோத்தை எடுத்துப் பூசினா எரிச்சல் போயிடும். எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அதுதான்.

மதுரை_மருந்தாளுநர் · ஞாயிறு, இரவு 11.05

தம்பி, நான் 22 வருஷமா மருந்துக்கடை கவுண்ட்டர்ல நிக்கிறவன். இதைப் படிச்சப்ப மனசு கனத்துப் போச்சு. இதே மாதிரி ட்யூப்பை நானே ஆரம்ப காலத்துல எத்தனையோ பேருக்குக் கேள்வி கேக்காம எடுத்துக் கொடுத்திருக்கேன்.

நீங்க எழுதின மூணு பேர்ல கடைசிப் பேரைக் கவனிங்க. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் அரிப்பையும் அடக்குற வகை மருந்து. "சோன்"னு முடியற பேருங்க (பீட்டாமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன், ஹைட்ரோகார்டிசோன்), "லோன்"னு முடியறதுங்க (ஃப்ளூசினோலோன், ட்ரையாம்சினோலோன்) எல்லாம் அந்தக் குடும்பம்தான். க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால் அதைவிட வலுவானதுங்க. இதுல ஒரு பெரிய குழப்பம் இருக்கு: க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து, க்ளோபெட்டசால் ரொம்ப வலுவான ஸ்டீராய்டு. காதுல கேக்க ரெண்டும் ஒரே மாதிரி. "அந்த க்ளோ க்ரீம் குடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. அவசரத்துல எது கைக்கு வருதோ அது போயிடும்.

சதவீதத்தையும் நம்பாதீங்க. ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம்னு இருக்கும், க்ளோபெட்டசால் 0.05 சதவீதம்னு இருக்கும். எண்ணைப் பார்த்து இரண்டாவது லேசான மருந்துன்னு நினைச்சுக் கேட்டு வாங்கிப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். நிஜத்துல முதலாவதுதான் இந்தக் குடும்பத்துலயே ரொம்ப மென்மை, இரண்டாவது உச்சம்.

சட்டத்தைப் பத்தியும் சொல்லிடறேன். நம்ம நாட்டு மருந்துச் சட்டத்துல "சீட்டு இல்லாம விக்கலாம்"னு தனியா ஒரு வகையே வரையறுக்கப்படல. ஷெட்யூல் ஹெச் மாதிரியான பட்டியல்ல இருந்தா சீட்டு வேணும், இல்லன்னா வேண்டாம், அவ்வளவுதான் நடைமுறை. வெளிப்பூச்சு ஸ்டீராய்டுங்க பல வருஷமா அந்தப் பட்டியலோட விதிவிலக்குக்குள்ள பதுங்கி இருந்துச்சு. தோல் டாக்டருங்க சங்கம் ரொம்ப நாள் கத்தினதுக்கப்புறம் 2018 மார்ச்ல 14 ஸ்டீராய்டுகளைச் சேர்த்து அரசிதழ்ல அறிவிச்சாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல 328 கலப்பு மருந்துகளுக்குத் தடை வந்துச்சு. அதுல ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்துன்னு எல்லாத்தையும் ஒரே ட்யூப்ல அடைச்ச க்ரீம்களும் இருந்துச்சு.

காகிதத்துல இப்படி. கடையில என்ன நடக்குதுன்னு உங்க அக்கா கதையே சொல்லுது. காலி ட்யூப்பை மேசை மேல வைப்பாங்க, இதே மாதிரி ஒண்ணு குடுங்கன்னு. நான் மறுத்தா பத்தடி தள்ளி இன்னொரு கடை. ட்யூப்ல சிவப்புக் கோடும், பதிவு பெற்ற டாக்டர் சீட்டுக்கு மட்டும்தான் விக்கணும்ங்கிற எச்சரிக்கையும் அச்சடிச்சிருக்கும். அதைப் படிச்சு என்கிட்ட விவரம் கேட்டவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

தோல்பிஜி · திங்கள், காலை 6.50

தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். முகத்தை நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன். ஆனால் தென்காசிச்சாரல் எழுதியதைப் போன்ற கதையை எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கிறேன்.

முதலில் நெல்லை_வாசுவுக்கு: உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் குப்பையில் போடுவதை மருத்துவரைப் பார்க்கும் வரை தள்ளிவையுங்கள். ஆறு வருடம் பழகிய தோலிலிருந்து ஸ்டீராய்டைத் திடீரென்று எடுத்தால் ஒரு வாரத்துக்குள் முகம் வீங்கிச் சிவந்து கொப்புளமாகலாம். அந்த வேதனையில் மறுபடி அதே ட்யூப்பை எடுப்பார்கள், இரண்டாம் முறை விடுவது இன்னும் கடினமாகும். கற்றாழையும் இப்போது வேண்டாம். மெலிந்து எரிகிற தோலில் பச்சைச் செடியின் சாறே ஒவ்வாமையைக் கிளப்பலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அக்காவிடம் விளக்கிச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஸ்டீராய்டு தோலில் பட்டால் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கும், அந்த இடம் வெளுக்கும். ஒரு ஸ்டீராய்டு எவ்வளவு வலுவானது என்பதை அளக்க 1962-இல் கொண்டுவந்த சோதனையே இந்த வெளுப்பைப் பார்ப்பதுதான். ஆக, பத்து நாளில் வந்த அந்தப் "பளிச்"சில் ஒரு பெரிய பங்கு ரத்தக்குழாய் சுருங்கியது. மருந்து நின்றதும் சுருங்கிய குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. சிவப்பும் எரிச்சலும் அதுதான். உடம்புச் சூடு காரணமில்லை.

இன்னொரு பக்கம், தோலுக்கு உறுதி கொடுக்கிற கொலாஜன் உருவாவதை ஸ்டீராய்டு குறைக்கிறது. தோல் மெலிந்து உள்ளே இருக்கிற குழாய்கள் வெளியே தெரிகின்றன. முடி வளர்வது, பரு கிளம்புவது, வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் குரு வருவது எல்லாம் இதே வரிசை. இந்த நிலைக்கு ஒரு பெயரே உண்டு: ஸ்டீராய்டால் கெட்ட முகம். கொல்கத்தாவின் தோல் மருத்துவர்கள் கௌஷிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும் 2008-இல் அந்தப் பெயரை வைத்தார்கள். 2011-இல் இந்தியாவின் பல மையங்களைச் சேர்த்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. முகத்தில் ஏதோ ஒரு தொல்லை என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 392 பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. முகம் வெளுக்க, சும்மா தினப்படி க்ரீமாக என்று பூசியவர்களும் அதில் இருந்தார்கள்.

முகம் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்றால், தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவு உறிஞ்சாது. 1967-இல் ஃபெல்ட்மேனும் மெய்பாக்கும் அளந்து பார்த்தார்கள். முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் நெற்றி 6, தாடை 13, விரைப்பை 42. உள்ளங்காலில் ஒன்றும் செய்யாத அளவு கன்னத்தில் பெரிய அளவு.

அக்காவின் ட்யூப்பில் இருக்கும் மூன்று மருந்துச் சேர்க்கையே தவறு என்று சொல்லவில்லை. மங்குக்கு இந்த வகைக் கூட்டு 1975-லிருந்தே இருக்கிறது, நாங்களும் எழுதுகிறோம். ஆனால் இவ்வளவு வாரம் என்று எண்ணிக் கொடுப்போம், பெரும்பாலும் எட்டு வாரம், நடுவில் வரச் சொல்லிப் பார்ப்போம். அதில் உள்ள ஹைட்ரோகுவினோனைப் பல வருடம் பூசினால் கன்ன எலும்பின் மேல் நீலம் கலந்த கறுப்புப் படலம் படியலாம். அதை மங்கு அதிகமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்திப் பூசுவார்கள். அந்தக் கறையை எடுப்பது எங்களுக்கே மிகக் கடினம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் இந்தக் கூட்டை அறவே தவிர்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் ட்யூப்போடு போகவும். அவர் வலுக் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி மெல்லக் குறைக்கலாம், அல்லது டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு இல்லாத மருந்தைத் துணைக்கு வைத்து நிறுத்தலாம். கண்ணிமைக்குப் பக்கத்தில் பூசியிருந்தால் கண் அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். அதுவரை சோப்பு, ஸ்க்ரப், ப்ளீச், ஃபேஷியல் எதுவும் வேண்டாம்.

திருப்பூர்_தையல் · திங்கள், மதியம் 1.20

டாக்டருங்க, மன்னிக்கோணும், எனக்கு முகம் இல்லீங்க, தொடை இடுக்கு. பனியன் கம்பெனியில தையல். நாள் முழுக்க உக்காந்தே வேலை, வேர்வை, ஜீன்ஸ். மூணு வருஷத்துக்கு முந்தி படர்தாமரை வந்துச்சுங்க. ரூம்ல கூட இருந்த பையன் ஒரு க்ரீம் கொடுத்தான், பூசின ராத்திரியே அரிப்பு நின்னு போச்சு. அதனால அது நல்ல மருந்துன்னு நெனச்சுட்டனுங்க. நாலு நாள் விட்டா திரும்ப வரும், திரும்பப் பூசுவேன். இப்ப இடுப்பு, முதுகு வரைக்கும் ஏறிடுச்சு. சம்சாரத்துக்கும் வந்துடுச்சு, பையனுக்குக் கழுத்துல ஒரு வட்டம். தொடையில வெள்ளையா வரி வரியா கிழிஞ்ச மாதிரி இருக்குது.

ட்யூப்புல க்ளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின்னு நாலு பேர் இருக்குதுங்க. நாலு மருந்து இருந்தா நல்லதுதானேன்னு கேட்டுத்தான் வாங்கினேன்.

தோல்பிஜி · திங்கள், மாலை 7.30

மன்னிப்பெல்லாம் வேண்டாம், அண்ணா. நீங்கள் எழுதியது பலருக்குப் பயன்படும்.

படர்தாமரை பூஞ்சை. அரிப்பும் சிவப்பும் அந்தப் பூஞ்சையை எதிர்த்து உங்கள் உடம்பு போடும் சண்டை. க்ளோபெட்டசால் அந்தச் சண்டையை நிறுத்திவிட்டது. அரிப்பு நின்றது, பூஞ்சை சாகவில்லை, தடுக்க ஆளில்லாமல் பரவியது. வட்டத்தின் ஓரம் மங்கிப்போவதால் பார்க்கிற மருத்துவருக்கே சில சமயம் அடையாளம் தெரியாது. இப்படி ஒளிந்திருக்கும் படர்தாமரையைப் பற்றி 1968-லேயே இங்கிலாந்தில் எழுதியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டமாக வந்தால் ஸ்டீராய்டு பூசியிருக்கிறார் என்று எங்களுக்கு உடனே சந்தேகம் வரும்.

நான்கு மருந்தில் உங்களுக்குத் தேவையானது டெர்பினஃபின் ஒன்றுதான். அதிலும் ஒரு துயரம் இருக்கிறது. இந்தியாவில் சில வருடங்களாகப் பரவும் பூஞ்சை வகை பல சமயம் டெர்பினஃபினுக்கு மசிவதில்லை. 2020-இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள், பெயருக்குள்ளேயே நம் நாடு இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவில் நியூயார்க்கிலும் அதைக் கண்டார்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைக் கண்டபடி பூசியது இது இவ்வளவு பரவ ஒரு காரணம் என்று எங்கள் துறையில் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

தொடையின் வெள்ளை வரிகள் நிரந்தரம், அண்ணா. நாளாக நாளாக மங்கும், முழுதாகப் போகாது. பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. பூஞ்சையை முழுதாக ஒழிக்க முடியும். மூன்று பேரும் ஒரே நாளில் மருத்துவரைப் பாருங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றும். வாயால் சாப்பிடும் மாத்திரை வாரக்கணக்கில் தேவைப்படலாம். பூசும் மருந்தை வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை பூசவும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடரவும். துண்டு தனித்தனி. உள்ளாடையைச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போடவும். ஜீன்ஸுக்குப் பதில் தளர்ந்த பருத்தித் துணி. உங்கள் வேலையில் சிரமம் என்று தெரியும், முடிந்த நாளாவது.

மதுரை_மருந்தாளுநர் · திங்கள், இரவு 9.10

ஒரு வார்த்தை சேர்த்துக்கறேன். புண், சிராய்ப்பு எதுவானாலும் பூசுற ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட் சிலதுல நியோமைசின் இருக்கும். நாளாக நாளாகச் சிலருக்கு அதுவே ஒவ்வாமையைக் கொடுக்கும். புண் ஆறலைன்னு இன்னும் பூசுவாங்க, பூசப் பூசச் சுத்தி அரிக்கும். வீட்டுல பாதி ட்யூப்பைப் பத்திரமா வெச்சு, எல்லாருக்கும் எல்லாத்துக்கும் எடுக்கிற பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை போகும்.

திருச்சி_அம்மா · வியாழன், இரவு 11.50

இந்த இழையைத் திங்கட்கிழமை படித்தேன். என் மகளுக்கு மூன்று வயது, கைக்குழந்தையிலிருந்தே கரப்பான். டாக்டர் ஒரு ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதியிருக்கிறார், அரிப்பு கிளம்பும்போது ஒரு வாரம் பூசச் சொல்லியிருக்கிறார். இங்கே படித்ததும் பயந்துபோய் திங்கள் இரவே நிறுத்திவிட்டேன். இன்று குழந்தை முழங்கால் மடிப்பைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது, மஞ்சளாக நீர் கசிகிறது. தூங்கவே இல்லை. என் மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடலாம் என்கிறார். நான் செய்தது தப்பா?

தோல்பிஜி · வெள்ளி, அதிகாலை 5.40

அக்கா, காலையில் முதல் வேலையாகக் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோங்கள். மஞ்சள் நீர் கசிவது கிருமி சேர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். காய்ச்சலோ, கொத்தாகச் சின்னக் கொப்புளங்களோ இருந்தால் காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். அரைத்த மஞ்சளை அந்தப் புண்ணில் போட வேண்டாம்.

இந்த இழை உங்களைப் பயமுறுத்தியதற்கு நான் பொறுப்பு. நான் முதலில் எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்: மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, நாள் எண்ணிக் கொடுத்த ஸ்டீராய்டு வேறு. யாரோ சொல்லி ஆறு வருடம் பூசியது வேறு. கரப்பானுக்கு ஸ்டீராய்டு ஆயின்மென்ட் நல்ல மருந்து. 1952-இல் முதன்முதலில் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிப் பார்த்த காலத்துக்கு முன்னால் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்க எங்கள் துறையிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பயத்தில் குறைவாகப் பூசுவதால் நோய் அடங்காமல், கடைசியில் இன்னும் வலுவான மருந்து தேவைப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூப்பிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் கிட்டத்தட்ட அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அகலத்துக்குப் போதும். குழந்தையின் இரண்டு முழங்கால் மடிப்புக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. டாக்டர் சொன்ன நாள்வரை பூசி, அடங்கியதும் அவர் சொன்னபடி குறைக்கவும். திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளுக்கு வாரத்தில் இரண்டே நாள் பழைய இடத்தில் பூசச் சொல்வதும் உண்டு, அது அவர் முடிவு. டயப்பர் கட்டும் இடத்தில் மட்டும் மிகக் கவனம். டயப்பர் இறுக்கி மூடுவதால் மருந்து உள்ளே அதிகம் போகும். அதிகமாகப் போனால் கைக்குழந்தையின் முகம் உப்பி, உடலே தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும்.

சிங்கை_வாசகி · வெள்ளி, காலை 8.05

திருச்சி அம்மா, என் மகனுக்கும் அதே. நானும் ஸ்டீராய்டு வேண்டாம் என்று இணையத்தில் "முழுக்க மூலிகை" என்று விற்ற ஒரு க்ரீமை வாங்கினேன். மூன்றே நாளில் தோல் பட்டுப்போல ஆனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வேகமாகக் குணமாகியிருந்தால் உள்ளே அறிவிக்காத ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். இங்கே சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எச்எஸ்ஏ, இப்படிக் குழந்தைகளுக்கு விற்கும் க்ரீம்களைச் சோதித்து, உள்ளே வலுவான ஸ்டீராய்டு இருந்ததாகப் பலமுறை எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. எது எவ்வளவு இருக்கிறது என்று எழுதியிருக்கும் மருந்தைத்தான் இப்போது நம்புகிறேன்.

மாய்ஸ்சரைசர் மட்டும் குளித்து ஈரம் காயும் முன் நிறைய பூசுகிறேன், தினம் இரண்டு முறை, நான்கு வருடமாக. அதைப் பற்றி யாராவது சொல்லுங்களேன், நீண்ட நாள் பூசினால் ஏதும் ஆகுமா?

தோல்பிஜி · வெள்ளி, மதியம் 2.15

வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி இரண்டையும் வாழ்நாள் முழுக்கப் பூசலாம். புதிதாக அரிப்பு வந்தால் அதில் சேர்த்த வாசனையோ, கெடாமல் இருக்கச் சேர்த்த பொருளோ ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க வேண்டும். இந்த ஜெல்லியில் இருக்கும் பாரஃபின் ஊறிய துணி சுலபமாகத் தீப்பிடிக்கும், அடுப்பு, விளக்குப் பக்கம் கவனம். மற்றபடி பயமே வேண்டாம்.

குமரி_கடலோரம் · வெள்ளி, இரவு 9.30

கேரளாவில நடந்ததையும் இங்க பதிஞ்சு வைக்கணும். எங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம்தான். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்ல சிறுநீரக டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. 2021 ஜூலைலருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் சிறுநீர்ல புரதம் போற ஒரு வகை நோயோட 22 பேர் வந்தாங்க. அதுல 15 பேருக்கு அபூர்வமான ஒரு உட்பிரிவு இருந்துச்சு. அந்த 15 பேர்ல 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசினவங்க. காரணம் பாதரசம். க்ரீமை நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்குக் குறைஞ்சுது. அதுக்கப்புறம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா"ன்னு கடை கடையா சோதனை போட்டாங்க.

தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உருவாகறதைப் பாதரசம் தடுக்கும், அதனால முகம் வெளுக்கும். அது தோல் வழியா உள்ள போய் சிறுநீரகத்துல தங்கும். பூசுறவங்களோட முடியறதில்ல. துண்டு, தலையணை உறை வழியா வீட்டுல இருக்கிற குழந்தைக்கும் போகும். மினமாட்டா உடன்படிக்கையில உலக நாடுகள் அழகுசாதனப் பொருள்ல பாதரசத்தை ஒழிக்க ஒத்துக்கிட்டும் இது நிக்கல.

தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க. "கலோமெல்"னு எழுதியிருந்தா அது பாதரசம். தங்கம், வெள்ளி நகையில படாமப் பாத்துக்கோங்கன்னு எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்படுங்க. ஏற்கெனவே பூசினவங்க கால் வீக்கம், சிறுநீர்ல நுரை இருக்கான்னு பார்த்து, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எடுத்துடுங்க. சாதாரண லேப்ல எடுக்கிறதுதான்.

திருச்சி_அம்மா · சனி, மாலை 6.00

போய் வந்தோம். கிருமித் தொற்றுதான். ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார், ஆயின்மென்ட்டை மறுபடி ஆரம்பித்தோம். நேற்று இரவு குழந்தை ஆறு மணி நேரம் தூங்கினாள். டாக்டர் திட்டவில்லை. பயம் வந்தால் நிறுத்தும் முன் ஒரு போன் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதிவைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

தென்காசிச்சாரல் · ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு இரவு

இத்தனை நாள் எழுதாததுக்கு மன்னிக்கணும். அக்காவைக் கூட்டிட்டுப் போறதுக்கே பத்து நாள் ஆச்சு. ரத்தக்குழாய் சுருங்கித்தான் வெளுப்பு வருதுன்னு டாக்டர் எழுதினதை அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப இது என் நிறமே இல்லையா"ன்னு கேட்டா.

தோல் டாக்டர் வலுக் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ரெண்டுன்னு குறைச்சு, ஸ்டீராய்டு இல்லாத ஆயின்மென்ட் ஒண்ணையும் கொடுத்தாங்க. மூணாவது வாரம்தான் நரகம். முகம் வீங்கி, ராத்திரி ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு உக்காந்தே இருந்தா. ரெண்டு வாரம் அத்தான்தான் சமையல். அந்த வாரத்துல அவ ஒளிச்சு வெச்சிருந்த ஒரு ட்யூப்பைத் தேடி எடுத்துட்டா. அத்தான் பக்கத்துல உக்காந்து பேசித்தான் திருப்பி வாங்கினார். கண் அழுத்தம் பார்த்தோம், சரியா இருக்கு.

இப்ப எரிச்சல் முக்கால்வாசி இல்ல. அடுப்படியில நிக்கிறா. சிவப்பு நூல் இன்னும் தெரியுது. பழைய மங்கு திரும்ப வெளிய வந்திருக்கு, அதுதான் அவளுக்கு வருத்தம். அடுத்த மாசம் மாமா பொண்ணு கல்யாணம். "போட்டோவுக்காக ரெண்டே நாள் பூசிக்கிறேன்"னு கேக்குறா. ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்னு எனக்கும் தோணுது. பூசலாமா?

தோல்பிஜி · திங்கள், காலை 6.30

வேண்டாம். இத்தனை வாரம் அவர் பட்ட பாடு வீணாகும். இந்தத் தோல் இன்னும் அந்த மருந்தை மறக்கவில்லை, இரண்டு நாள் பூசி நிறுத்தினால் கல்யாணம் முடிந்த வாரமே மறுபடி சிவக்கலாம்.

மங்குக்கு வேறு வழி இருக்கிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம் நிறத் தோலில் மங்குத் திட்டுகளைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே வரும் டின்டட் சன்ஸ்க்ரீன் தடுக்கும். கறையை மறைக்கவும் செய்யும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். முதலில் தாடை ஓரத்தில் ஒரு சிறிய இடத்தில் மூன்று நாள் போட்டுப் பாருங்கள். கல்யாண மேக்கப்பும் அதே மாதிரி முன்கூட்டியே சோதித்துவிட்டுப் போடலாம். மங்குக்கான மருந்தை அவருடைய டாக்டர் பிறகு ஆரம்பிப்பார், அவசரம் இல்லை.

திருப்பூர்_தையல் · திங்கள், இரவு 8.45

நானும் சொல்லிடறனுங்க. சம்சாரத்துக்கும் பையனுக்கும் போயிடுச்சு. எனக்கு முதுகு சுத்தம், இடுக்குல மட்டும் கொஞ்சம் பாக்கி, மாத்திரை இன்னும் ஓடுது. ரூம் பையனைப் போன வாரம் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், அவனும் அதே ட்யூப்புதான் பூசிட்டு இருந்தான்.

தென்காசிச்சாரல் · வெள்ளி, இரவு 10.00

டின்டட் சன்ஸ்க்ரீன் வாங்கியாச்சு. தாடை ஓரத்துல மூணு நாள் போட்டா, ஒண்ணும் ஆகல. கடையில கொடுத்த ஷேடு அக்காவுக்கு ரொம்ப வெளிறலா இருந்துச்சு. அவளே போய், "என் நிறத்துக்குத் தக்கன குடுங்க"ன்னு கேட்டு மாத்திட்டு வந்துட்டா.